பாஸிவ் வாய்ஸ் பிழையா என்று கேட்ட தம்பிக்கு

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓ லெவலில் அக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றும் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தனான். இப்ப வேலையில ரிப்போர்ட் எழுதேக்குள்ள எதை எங்க பாவிக்கிறதெண்டு விளங்கேல்ல. மனேஜர் ஒண்டை வெட்டுறார், கம்பியூட்டர் இன்னொண்டுக்குக் கோடு போடுது. பாஸிவ் எழுதுறதே பிழையா?" தான் எழுதிய மூன்று வாக்கியங்களையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். தமிழ் எழுத்தில் அவை இப்படி வரும்: "த கெஸ்ட் வாஸ் அரைவ்ட் அட் டென்", "யுவர் றூம் இஸ் க்ளீனிங் நவ்", "த லாஸ்ட் பேக் வாஸ் ஃபவுண்ட் இன் த வேன் அண்ட் ஹேண்டட் டு த கெஸ்ட்".

தம்பி, அக்டிவை (செய்வினையை) பாஸிவாக (செயப்பாட்டுவினையாக) எப்படி மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். ஒரே சங்கதியைச் சொல்ல இங்கிலிஷ் ஏன் இரண்டு வழி வைத்திருக்கிறது, எந்த நேரத்தில் எந்த வழியால் போவது என்பதுதான் உங்கள் கேள்வி. இதைப் பாடசாலையில் நாங்கள் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. "நாங்கள்" என்பதில் நானும் அடக்கம். திருகோணமலையில் முப்பது வருசத்துக்கு மேல் இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வெடுத்தவள் நான். மொழியியல் பட்டம் எடுத்தவள் அல்ல, சோக்கட்டி பிடித்த கைதான்.

ஆரம்ப வருசங்களில் நானும் கரும்பலகையில் கோடு கீறி, இடது பக்கம் "ராமா கில்ட் ராவணா", வலது பக்கம் "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்று எழுதுவேன். இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி. ஒருநாள் பின்வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் எழும்பி, "ரீச்சர், இதில எது சரி?" என்றான். "ரெண்டும் சரி, ரெண்டும் ஒண்டுதான்" என்றேன். அவன் விடவில்லை. "ஒண்டெண்டால் பிறகேன் ரீச்சர் ரெண்டு?" வகுப்பு சிரித்தது. பிறகு அவனே சொன்னான்: "கோணேசர் கோயிலுக்கு வாற ஆக்களுக்கு இராவணன் வெட்டெண்ட மலைப்பிளவைக் காட்டி இராவணன்ர கதையைச் சொன்னா, அவன் கடைசியில என்ன ஆனான் எண்டுதானே கேப்பினம். அதுக்கு ரெண்டாவதுதானே வேணும்?" அதற்குப் பிறகு அந்த அம்புக்குறியை நான் போட்டதில்லை. நான் பயிற்சிக் கலாசாலையில் படிக்காத பாடத்தை அவன் சொல்லித் தந்துவிட்டான்: வாக்கியத்தின் தலையில் நிற்பவர் யாரோ, கதை அவரைப் பற்றியது.

இங்கிலிஷுக்கு மட்டும் ஏன் இந்தச் சிரமம்? நம்முடைய ஊர் மான்களை வைத்தே பார்க்கலாம். கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் றோட்டிலும் அவை திரிவது உங்களுக்குத் தெரியும். ஒரு மான் பஸ்ஸில் அடிபட்டுவிட்டது என்று வையுங்கள். தமிழில் "பஸ் மானை அடிச்சிட்டுது" என்றும் சொல்லலாம், "மானை பஸ் அடிச்சிட்டுது" என்றும் சொல்லலாம். அடித்தது எது, அடிபட்டது எது என்பதில் குழப்பமே இல்லை. மானில் ஒட்டியிருக்கிற "ஐ" அதை எங்கே தூக்கி வைத்தாலும் கூடவே போகிறது. ஆகவே மானைப் பற்றிப் பேச விரும்பினால் மானை முன்னுக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். இங்கிலிஷில் பெயர்ச்சொல்லுக்கு அந்த "ஐ" கிடையாது. நிற்கிற இடம்தான் வேற்றுமை உருபு. "த பஸ் ஹிட் த டியர்" என்பதைத் திருப்பிப் போட்டால் மான் பஸ்ஸை அடித்ததாகிவிடும். அப்படியானால் மானை முன்னுக்கு வைக்க என்ன செய்வது? வினையைத்தான் மாற்ற வேண்டும்: "த டியர் வாஸ் ஹிட் பை எ பஸ்". தமிழ் உருபால் செய்வதை இங்கிலிஷ் வினையால் செய்கிறது. நாங்கள் பேச்சில் "அடிக்கப்பட்டது" என்று அதிகம் சொல்லாமல் சமாளிப்பதற்கும், இங்கிலிஷ்காரர் சின்னப்பிள்ளை முதல் பாஸிவ் இல்லாமல் சமாளிக்க முடியாததற்கும் முக்கிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னவுடன் "அப்போ செயப்பாட்டுவினை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. "வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்" என்ற குறளில் "வைக்கப்படும்" இருக்கிறது. யாரால் வைக்கப்படும் என்று வள்ளுவர் சொல்லவும் இல்லை. தொல்காப்பியமோ இன்னும் நுட்பமான ஒன்றைக் கவனித்திருக்கிறது: "செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே". உரைகாரர் தரும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது. ஆனாலும் பேச்சில் அப்படித்தான் வரும். இன்றைக்கு நோட்டீஸ்களில் வரும் "அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்", "இத்தால் சகலருக்கும் அறியத்தரப்படுகின்றது" எல்லாம் கந்தோர் இங்கிலிஷின் பழக்கத்தால் பெருகியவை என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான், சாதிக்க மாட்டேன். வடிவம் பழையது என்பது மட்டும் உறுதி.

சரி, உங்கள் வாக்கியங்களுக்கு வருவோம். முதலாவதை மனேஜர் வெட்டியது சரி. பாஸிவ் என்பது "பி" வினையின் ஏதாவதொரு வடிவமும் (இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங்) பிரதான வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்தது. இது எல்லா வினைக்கும் ஆகாது. யாரை அல்லது எதை என்று கேட்டால் பதில் வருகிற வினைக்குத்தான் ஆகும். "கெஸ்ட் எதை வந்தார்?" என்று கேட்க முடியாது, எனவே "வாஸ் அரைவ்ட்" கிடையாது. "த கெஸ்ட் அரைவ்ட் அட் டென்" போதும். இதே குடும்பத்துப் பிழைகள்: "த அக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்", "ஹி வாஸ் டைட்". ஹாப்பன், டை, அரைவ், அப்பியர் நான்கும் என் சிவப்புப் பேனைக்கு அதிகம் வேலை கொடுத்த வினைகள். இறந்தகாலம் என்றால் "வாஸ்" வேண்டும் என்று கை பழகிவிடுவதால்தான் இது வருகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் சீன, ஜப்பானிய மாணவர்களும் இதே வினைகளில் இதே பிழையை விடுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பதிந்து வைத்திருக்கும் விசயம். அதனால் தமிழை மட்டும் குற்றம் சொல்வதை விட்டுவிட்டேன். இந்த வினைகளின் எழுவாய் எதையும் செய்வதில்லை, அதற்கு ஏதோ நடக்கிறது. பாஸிவ் மாதிரியே ஒரு உணர்வு. மூளை அங்கேதான் சறுக்குகிறது போல.

மறுபக்கமும் ஒன்று உண்டு. "நான் ட்ரிங்கோவில் பிறந்தேன்" தமிழில் செய்வினை. இங்கிலிஷில் "ஐ வாஸ் போர்ன் இன் ட்ரிங்கோ". வாஸ் விட்டுப்போனால் பிழை. பிறப்பதை இங்கிலிஷ் தாயின் செயலாகவும் பிள்ளைக்கு நடந்ததாகவும் பார்க்கிறது. இதை மாற்றும் பயிற்சியாகச் செய்து "மை மதர் போர் மீ" என்று எழுதச் சொல்கிற புத்தகத்தைக் கண்டால் மூடி வைத்துவிடுங்கள், ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை.

உங்கள் இரண்டாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்த பிழை. "யுவர் றூம் இஸ் க்ளீனிங் நவ்" என்றால் அறை தும்புத்தடியை எடுத்துக்கொண்டு எதையோ துப்புரவு செய்கிறது. திண்ணை மெழுகிற்று மாதிரித்தான்! "த றோட் இஸ் ரிப்பேரிங்", "த ஃபோன் இஸ் சார்ஜிங்" என்று நம் ஊரில் நாள் முழுக்கக் கேட்கலாம். இதில் கடைசியானது சரி, ஏனென்றால் சார்ஜ் அப்படியும் பாவிக்கப்படுகிற வினை. ரிப்பேரும் க்ளீனும் இங்கே அப்படி இல்லை. நடந்துகொண்டிருக்கும் பாஸிவுக்கு நடுவில் ஒரு "பீயிங்" வேண்டும்: "யுவர் றூம் இஸ் பீயிங் க்ளீன்ட்". இதற்காக வெட்கப்பட வேண்டாம். வெள்ளைக்காரரே ஒரு காலத்தில் வீடு கட்டப்படுகிறது என்பதை "த ஹவுஸ் இஸ் பில்டிங்" என்றுதான் எழுதினார்கள். "இஸ் பீயிங் பில்ட்" பரவத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில். 19ஆம் நூற்றாண்டில் கூட அதை அவலட்சணம் என்று கண்டித்த இலக்கணக்காரர் இருந்தார்கள். நீங்கள் இருநூறு வருசம் பிந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு ஒரு கெஸ்டுக்கு முன்னால் "பீயிங்" இல்லாமல் சொல்லக்கூடாது.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஹோட்டல் வேலைக்கு உதவும். நாம் "முடி வெட்டினேன்", "வீடு கட்டினேன்" என்கிறோம். வெட்டியது சலூன்காரர், கட்டியது மேசன். கேட்பவருக்கும் தெரியும். இங்கிலிஷில் "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களே கத்தரிக்கோலைப் பிடித்தீர்கள் என்று அர்த்தம். ஆளைப் பிடித்துச் செய்வித்தால் "ஐ ஹேட் மை ஹேர் கட்". கெஸ்டிடம் "வி வில் ஹேவ் யுவர் பேக் சென்ட் டு த றூம்" என்று சொல்லிப் பாருங்கள். அதே போல "எனக்குத் திறப்புத் தந்தார்கள்" என்பதில் "எனக்கு" முன்னுக்கு வருவது தமிழுக்கு இயல்பு. இங்கிலிஷில் அதற்கு ஒப்பானது "ஐ வாஸ் கிவன் எ கீ". மாற்றும் பயிற்சிகளில் "எ கீ வாஸ் கிவன் டு மீ" என்றுதான் பழக்குகிறோம். அது பிழையில்லை, ஆனால் திறப்பைப் பற்றிய கதையாகிவிடும்.

இப்போது "பை". பரீட்சைத் தாளில் "பை" போடாவிட்டால் புள்ளி போய்விடும் என்று பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். உண்மையான இங்கிலிஷ் எழுத்தில் பெரும்பாலான பாஸிவ் வாக்கியங்களில் "பை" இருப்பதே இல்லை. செய்தவர் யாரென்று தெரியாது, அல்லது சொல்லாமலே தெரியும், அல்லது அது முக்கியமில்லை. "த தீஃப் வாஸ் அரெஸ்டட்" என்றால் பொலிஸ் என்று சொல்லவேண்டியதில்லை. நாம் "கள்ளனைப் பிடிச்சிட்டாங்க" என்கிறோமே, அந்த "ஆங்க" யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. அது நம் பேச்சுத் தமிழின் பாஸிவ். செய்தவர்தான் புதுச் செய்தி என்றால் மட்டும் "பை" போடுங்கள். கோணேசர் கோயிலைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: திருகோணமலைச் சுவாமிமலையில் கோயில் நிற்கிறது, அது 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டது, அதன் கற்கள் கோட்டை கட்டப் பாவிக்கப்பட்டன. "இட் வாஸ் டிஸ்ட்ரோய்ட் பை த போர்ச்சுகீஸ்" என்பதில் "பை" வேண்டும், ஏனென்றால் இடித்தது யார் என்பதே வாசகருக்குப் புதுசு. அடுத்த வரியில் வேண்டாம், யாரென்று இப்போது தெரியும்.

செய்தவரை மறைக்கவும் இது வசதி என்பதுதான் பாஸிவுக்குக் கெட்ட பெயர் வந்த காரணங்களில் ஒன்று. 1987 இல் அமெரிக்க ஜனாதிபதி றீகன் தன் வருடாந்த உரையில், ஈரானோடு நடந்த இரகசிய விவகாரம் பற்றி, பாரதூரமான பிழைகள் "வேர் மேட்" என்றார். விடப்பட்டன. யார் விட்டார்கள்? வாக்கியத்தில் ஆளில்லை. இப்படியான எழுத்தைக் கண்டு வெறுத்துத்தான் ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் ஒரு கட்டுரையில், அக்டிவ் போட முடிகிற இடத்தில் பாஸிவ் போடாதீர்கள் என்று விதி சொன்னார். அதே கட்டுரையில் அவரே பாஸிவைத் தாராளமாகப் பாவித்திருக்கிறார். உங்கள் கம்பியூட்டர் போடும் கோடும் இந்த மாதிரி அறிவுரைகளின் பேரப்பிள்ளை. அது பிழை என்று சொல்லவில்லை, "ஒருக்கா யோசி" என்கிறது. ஏன் போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

பாஸிவ் மறைக்க மட்டும்தான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை ஏற்க முடியாது. "காணாமல் போனோர்" என்று எழுதினால் அவர்கள் தாங்களாகவே எங்கேயோ போய்விட்டது போல இருக்கிறது என்று அவர்களைத் தேடும் அம்மாமார் மறுத்தார்கள். "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று சொல்லுங்கள் என்றார்கள். அந்த "பட்டோர்" யாரையும் பேர் சொல்லவில்லை. ஆனால் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்கிறது. இங்கிலிஷிலும் இதே நடந்தது. "டிஸப்பியர்" என்பது அரைவ் மாதிரி "எதை" என்று கேட்க முடியாத வினை, "வாஸ் டிஸப்பியர்ட்" என்று மாணவன் எழுதினால் வெட்டவேண்டியது. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் ஆட்கள் கொண்டுபோகப்பட்ட காலத்துக்குப் பிறகு, "தே வேர் டிஸப்பியர்ட்" என்பது தெரிந்தே எழுதப்படும் சரியான வாக்கியமாகிவிட்டது. மேலே நான் சொன்ன விதியை இது மீறுகிறது, வேண்டுமென்றே மீறுகிறது. இதை வகுப்பில் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் குறிப்பெடுக்கவில்லை, யாரும் கதைக்கவும் இல்லை.

ரிப்போர்ட்டுக்குத் தேவையான ஒன்றும் இதில் இருக்கிறது. அறையில் கண்ணாடி உடைந்துவிட்டது. "த மிரர் ப்ரோக்" என்றால் உடைந்தது, தானாகவும் இருக்கலாம். "த மிரர் வாஸ் ப்ரோக்கன்" என்றால் பெரும்பாலும் யாரோ உடைத்தார்கள். "வென் வி வென்ட் இன்" என்று முன்னால் சேர்த்தால், நாங்கள் போனபோது உடைந்த நிலையில் கிடந்தது என்றும் அர்த்தம் வரலாம், கவனம். இதே வித்தியாசம் கப்பலுக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. முதல்நாள் இரவே இங்கிருந்து வெளிக்கிட்ட ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் அவர்களிடம் அகப்பட்டது. "த ஹெர்மிஸ் ஸாங்க்" என்று எழுதினால் புயலில் மூழ்கியதாகக் கூட நினைக்கலாம். "வாஸ் சங்க்" என்றால் மூழ்கடிக்கப்பட்டது. தமிழில் உடைந்தது, உடைத்தார்கள், உடைக்கப்பட்டது என்று மூன்று வைத்திருக்கிற நமக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது. முதலில் தமிழில் எது உண்மை என்று முடிவெடுத்துவிட்டு இங்கிலிஷுக்குப் போங்கள்.

"கெட்" பற்றியும் கேட்பீர்கள். "ஹிஸ் பேக் கொட் ஸ்டோலன்" பேச்சில் தாராளமாக வரும், பிழையல்ல. எழுத்தில் "வாஸ்" போடுங்கள் என்று நான் சொல்வேன். என்னை விட இளைய ஆசிரியர்கள் சிலர் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம், இது இலக்கணமல்ல, உடுப்பு மாதிரி.

கடைசியாக, கம்பியூட்டர் கோடு போட்ட உங்கள் மூன்றாவது வாக்கியம். பையைக் காணோம் என்று கெஸ்ட் முறைப்பாடு செய்திருக்கிறார். மனேஜருக்குத் தெரியவேண்டியது பைக்கு என்ன நடந்தது என்பது. தலையில் பை நிற்கிறது. வேனில் கண்டெடுத்த டிரைவரின் பேர் இந்த வரிக்குத் தேவையில்லை. அவருக்கு ஒரு நன்றி சொல்ல விரும்பினால் அடுத்த வரியில் அக்டிவில் எழுதுங்கள். இரண்டாவது "வாஸ்"ஸை விட்டதும் சரி, முதலாவதே இரண்டுக்கும் வேலை செய்கிறது. ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள்.